தீவுப் புறாவும் வேலிச் செங்காந்தளும்: உயிர்களை ஒப்பிடுவது எப்படி?

நிகோபார்த் தீவுகளில் ஒரு புறா காட்டுத் தரையில் கொட்டை பொறுக்கித் தின்று வாழ்கிறது. செட்டிநாட்டில், காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையிலுள்ள முட்புதர்களில் செங்காந்தள் பற்றி ஏறி ஐப்பசி, கார்த்திகையில் பூக்கிறது. இந்த இரண்டையும் ஒப்பிட்டு எழுது என்று பள்ளிப் பிள்ளையிடம் சொன்னால், தாளின் நடுவே கோடு கிழித்து ‘பறக்கும், பறக்காது’, ‘இரை தேடும், தானே உணவு தயாரிக்கும்’ என்று எழுதத் தொடங்கிவிடும். எழுதியது எதுவும் பிழையாக இராது. ஆனால் அந்தப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும், உயிரியலில் ஒப்பீடு என்று எதைச் சொல்கிறார்களோ அதை அது எட்டுவதில்லை. உயிரியல் கேட்பது வேறு கேள்வி: இவை இரண்டின் வம்சமும் எந்த இடத்தில் பிரிந்தது? பிரிந்த பிறகும் இரண்டிலும் மாறாமல் நிற்பது என்ன?

இந்தக் கேள்வியைத் தொடர்ந்து போவதற்குப் பெயர் வகைப்பாட்டியல். பாடப்புத்தகத்தில் அது மனப்பாடம் செய்ய வேண்டிய ஏழு சொற்களாகச் சுருங்கிவிட்டது. அந்த நிலை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. உண்மையில் அது ஒரு குடும்ப வரலாறு. அதைப் புரிந்துகொள்ள இந்தப் புறாவும் இந்தக் கொடியும் போதும்.

முதலில் இரண்டையும் நன்றாகப் பார்த்துக்கொள்வோம்.

நிகோபார் புறா நம் கோபுரங்களில் அடையும் மாடப்புறாவைவிடப் பெரியது. நீளம் சுமார் 40 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய அரைக் கிலோ. தலை கருஞ்சாம்பல். உடல் முழுவதும் உலோகம்போல் மினுங்கும் பச்சை, அதில் செம்பு நிறமும் நீலமும் கலந்து ஒளிரும். கழுத்திலிருந்து நீண்ட இறகுகள் தோள் மேல் சரிந்து தொங்கும். வால் மட்டும் குட்டையாகவும் தூய வெள்ளையாகவும் இருக்கும். இளம் பறவைக்கு அந்த வாலும் கருமையாகவே இருக்கும். கூட்டமாகக் கடல் கடக்கும்போது முன்னே பறக்கும் பறவையைப் பின்னே வருவது தவறவிடாமலிருக்க இந்த வெள்ளை வால் உதவுகிறது என்று கருதப்படுகிறது. அதன் இரைப்பையின் சுவர் தடித்த தசையால் ஆனது. விழுங்கி வைத்திருக்கும் கல்லின் துணையோடு, மற்றப் புறாக்களால் உடைக்க முடியாத கொட்டைகளையும் அது அரைத்துவிடும். இடுவது ஒரே ஒரு வெள்ளை முட்டை. கூடு கட்டவும் இரவில் அடையவும் பெரிய தீவுகளை விட்டுக் கொன்றுண்ணிகள் இல்லாத சிறு தீவுகளை நாடும். அந்தமான் நிகோபாரில் தொடங்கி மலாய்த் தீவுக்கூட்டம் வழியாகச் சாலமன் தீவுகள், பலாவு வரை இது பரவியிருக்கிறது.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போன செட்டிநாட்டார் நிகோபார்த் தீவுகளின் ஊடாகவோ ஓரமாகவோதான் கடந்து போயிருப்பார்கள். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் இந்தத் தீவுகள்தான். ஆகவே தொலைவு அதிகமென்றாலும் நமக்கு முற்றிலும் அந்நியமான இடம் என்று சொல்ல முடியாது.

செங்காந்தளை நம் பக்கத்தில் கண்வலிக்கிழங்கு என்றும் கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வார்கள். கோடையில் மண்ணுக்கு மேலே ஒன்றுமே தெரியாது. கலப்பை வடிவத்தில் வளைந்த கிழங்கு செம்புறாங்கல் மண்ணுக்குள் காத்திருக்கும். மழை பிடித்ததும் தண்டு கிளம்பும். தனியாக நிற்க அதற்கு வலுவில்லை. இலையின் நுனியே நீண்டு, சுருண்டு, கிடைத்த சுள்ளியைப் பற்றிக்கொள்ளும். பூவின் ஆறு இதழ்களும் பச்சையாக அரும்பி, அடியில் மஞ்சளாகவும் நுனியில் சிவப்பாகவும் மாறி, ஓரம் நெளிந்து மேல்நோக்கி வளையும். கடைசியில் பூ முழுவதும் சிவந்துவிடும். இதுதான் தமிழ்நாட்டின் மாநில மலர்; ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் விவசாயிகள் பந்தலிட்டு இதைப் பயிர் செய்கிறார்கள். விதைக்கு மருந்து நிறுவனங்களிடம் நல்ல விலை கிடைக்கிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதில்தான் இந்த ஒப்பீட்டின் உயிரே இருக்கிறது.

பெயர் என்னும் முகவரி

இரண்டுக்கும் அறிவியல் பெயர் வைத்தவர் ஒருவரே என்பது பலருக்குத் தெரியாது. சுவீடன் நாட்டைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் (1707–1778) செங்காந்தளுக்கு 1753இல் ‘குளோரியோசா சூப்பர்பா’ என்று பெயரிட்டார். புறாவுக்கு 1758இல் ‘கொலம்பா நிகோபாரிகா’ என்று பெயரிட்டார். உலகமெங்கும் தாவரப் பெயர்களுக்கு 1753ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலையும், விலங்குப் பெயர்களுக்கு 1758ஆம் ஆண்டு நூலையுமே தொடக்கமாகக் கொள்கிறார்கள். நம்முடைய இரண்டு உயிர்களும் அந்தத் தொடக்க நூல்களிலேயே இடம்பெற்றவை. லின்னேயஸின் மாணவர் ஜோஹான் கேர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கே வந்து இறங்கி, தமிழகத்துச் செடிகளைச் சேகரித்துத் தன் ஆசிரியருக்கு அனுப்பினார். நிகோபார்த் தீவுகளும் அந்தக் காலத்தில் டென்மார்க்கின் கைவசம் இருந்து, தரங்கம்பாடியிலிருந்தே நிர்வகிக்கப்பட்டன.

ஆனால் புறாவின் இன்றைய பெயர் ‘கலோனாஸ் நிகோபாரிகா’. முதற்பகுதி மாறிவிட்டது. அதனால்தான் நூல்களில் அதன் பெயருக்குப் பின்னால் ‘(லின்னேயஸ், 1758)’ என்று அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள். விலங்குகளின் பெயரில் அந்த அடைப்புக்குறி வந்தால், இந்த உயிரை இவர் முதலில் வேறொரு பேரினத்தில் வைத்தார், பின்னால் இடம் மாற்றப்பட்டது என்று பொருள். லின்னேயஸ் இதை மாடப்புறாவோடு சேர்த்து வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் இது தனிக்குடித்தனம் என்று கண்டு பிரித்து வைத்தார்கள். இன்று கலோனாஸ் பேரினத்தில் உயிரோடு இருப்பது இந்த ஒரே சிற்றினம்.

பேரினம், சிற்றினம் என்பவற்றைச் செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு விளக்குவது எளிது. நகரத்தார் ஒருவரை இன்னொருவர் புதிதாகப் பார்த்தால் ‘எந்த ஊர், எந்தக் கோயில்?’ என்று கேட்பார். இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று கோயில்கள் ஒன்பது. இளையாற்றங்குடிக்கும் மாற்றூருக்கும் உள்ளே பிரிவுகளும் உண்டு. அதற்குள் ஊர், ஊருக்குள் பங்காளிகள், கடைசியில் வீட்டின் விலாசம். ராமநாதன் என்று எத்தனை பேர் இருந்தாலும், முன்னால் நிற்கும் விலாச எழுத்துகளைச் சொன்னதும் ‘அந்த வீட்டு ராமநாதனா!’ என்று ஆச்சி அடையாளம் கண்டுவிடுவார். உயிர்களின் முகவரியும் இப்படித்தான் அடுக்கடுக்காகப் போகிறது: உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். அறிவியல் பெயரின் இரண்டு சொற்களும் இந்த அடுக்கின் கடைசி இரண்டு படிகள்.

அந்த முறையில் புறாவின் முகவரி இது: விலங்குலகம், முதுகுநாணுள்ளவை, பறவைகள், புறா வரிசை, புறாக் குடும்பம், கலோனாஸ், நிகோபாரிகா. புறாக் குடும்பத்தில் சுமார் 350 சிற்றினங்கள் இருக்கின்றன. பிள்ளையார்பட்டிக் கோபுரத்தில் அடையும் மாடப்புறாவும், தோட்டத்தில் இரை பொறுக்கும் மணிப்புறாவும் அதே குடும்பம்தான். செங்காந்தளின் முகவரி: தாவர உலகம், பூக்கும் தாவரங்கள், ஒருவித்திலைத் தாவரங்கள், லில்லி வரிசை, கோல்சிகேசி குடும்பம், குளோரியோசா, சூப்பர்பா.

இரண்டு முகவரிகளையும் கீழிருந்து மேலே படித்துப் பாருங்கள். எந்தப் படியிலும் அவை ஒன்றுசேரவில்லை. முதல் படியான உலகமே வேறு. அப்படியானால் உறவே இல்லையா? இருக்கிறது. ஆனால் அதற்குப் போகும் முன் ஒரு பொறியைக் கடக்க வேண்டும்.

தோற்றம் ஏமாற்றும்

நம் வேலிகளில் செங்காந்தளோடு பிரண்டையும் கோவையும் சேர்ந்தே படரும். மூன்றுக்கும் பற்றுக்கம்பி உண்டு. மூன்றும் சுள்ளியைச் சுற்றி வளைத்து ஏறும். பார்ப்பவர்கள் மூன்றும் ஒரு சாதி என்று எண்ணுவது இயல்பு. பற்றுக்கம்பி எங்கிருந்து கிளம்புகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தால் கதை வேறாகிவிடும். செங்காந்தளில் அது இலையின் நுனி. பிரண்டையிலும் கோவையிலும் இலைக்கு வெளியே, தண்டின் கணுவிலிருந்து தனியாகக் கிளம்புகிறது. ஏற வேண்டும் என்ற தேவை ஒன்று, அதற்குச் செடிகள் கண்ட வழிகள் வேறு வேறு. இப்படித் தேவை ஒன்றாக இருப்பதால் தனித்தனியே தோன்றும் ஒற்றுமையை உறவுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, செங்காந்தளின் உண்மையான உறவு யார்? இலையில் நரம்புகள் இணையாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். பூவின் உறுப்புகளை எண்ணுங்கள்: இதழ் ஆறு, மகரந்தத் தாள் ஆறு, சூலகத்தில் அறை மூன்று. எல்லாம் மூன்றின் மடங்கு. இவை ஒருவித்திலைத் தாவரங்களின் அடையாளங்கள். நெல், தென்னை, பனை, மஞ்சள், இஞ்சி எல்லாம் அந்தக் கூட்டம்தான். ஆக, தன்மேல் பின்னிக் கிடக்கும் பிரண்டையைவிட, ஊரணிக் கரையில் நெடுநெடுவென்று நிற்கும் பனைமரமே செங்காந்தளுக்கு நெருங்கிய சொந்தம். எளிதில் நம்ப முடியாத செய்திதான். ஆனால் டிஎன்ஏ ஆய்வும் இதையே உறுதிப்படுத்துகிறது.

புறாவின் பக்கம் இதைவிடப் பெரிய வியப்பு காத்திருக்கிறது. மொரீஷியஸ் தீவில் வாழ்ந்து, 17ஆம் நூற்றாண்டில் மனிதர்களாலும் அவர்கள் கொண்டுவந்த விலங்குகளாலும் அழிந்துபோன டோடோ என்னும் பறவையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பருத்த உடல், கொக்கிபோல் வளைந்த பெரிய அலகு, பறக்க உதவாத சிறு சிறகு. அதைத் தீக்கோழியின் சொந்தம் என்றும் கழுகின் சொந்தம் என்றும் ஆளுக்கொன்று சொல்லிவந்தார்கள். 1842இல் டென்மார்க் அறிஞர் ஒருவர் மண்டையோட்டை ஆராய்ந்து அது ஒரு புறா என்று சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 2002இல் ஆக்ஸ்போர்டில் பாதுகாக்கப்பட்டிருந்த டோடோவின் எச்சத்திலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தார்கள். டோடோ புறாக் குடும்பம்தான் என்பது உறுதியானது. இன்று உயிரோடு இருக்கும் பறவைகளில் அதற்கு மிக நெருங்கியது எது தெரியுமா? நம் நிகோபார் புறா. அந்தப் பச்சைப் பறவை சிறகடிக்கும் போதெல்லாம் டோடோவின் குடும்பத்தில் எஞ்சிய ஒரு கிளை பறக்கிறது என்று எண்ணிக்கொள்வேன். அதை இழந்துவிடக் கூடாது என்ற தவிப்பும் உடனே வரும். அழியும் ஆபத்தை நெருங்கும் இனங்களின் வரிசையில் அது ஏற்கெனவே வந்துவிட்டது. காடழிப்பும், சிறு தீவுகளில் குடியேறும் எலியும் பூனையும், வேட்டையும் இதற்குக் காரணங்கள்.

நிறத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். செங்காந்தளின் சிவப்பு இதழின் செல்களுக்குள் இருக்கும் நிறமியால் வருவது. புறாவின் மினுங்கும் பச்சை நிறமியின் பச்சை அன்று. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தால் பிறப்பது. அதனால்தான் கோணம் மாறினால் பச்சை செம்பாகிறது, செம்பு நீலமாகிறது. இரண்டும் நம் கண்ணுக்கு அழகு. ஆனால் அந்த அழகை வைத்து உறவு சொல்ல முடியாது.

இரண்டும் சேரும் இடம்

புறாவின் வம்சத்தில் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருங்கள். புறாக்களின் மூதாதை, பறவைகளின் மூதாதை, முதுகெலும்புள்ளவற்றின் மூதாதை, விலங்குகள் அனைத்துக்கும் மூதாதை. செங்காந்தளின் பக்கமும் அப்படியே போனால், தாவரங்கள் அனைத்துக்குமான மூதாதையைத் தாண்டி ஓரிடத்தில் இரு வழிகளும் ஒன்றாகின்றன. அங்கே நிற்பது இறகோ இதழோ இல்லாத ஓர் ஒற்றைச் செல் உயிர். காலம், ஏறத்தாழ 150 கோடி ஆண்டுகளுக்கு முன் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பல செல்கள் கூடி ஓர் உடலாக வாழும் வழியை விலங்குகளும் தாவரங்களும் அதற்குப் பிறகு தனித்தனியாகவே கண்டுபிடித்தன.

இடையில் இன்னொரு செய்தி. மழைக்குப் பின் புற்றுமண்ணில் முளைக்கும் காளானைச் செடி கொடிகளோடு சேர்த்துவிடுகிறோம். மரபணுக்களை வைத்துப் பார்த்தால் காளானின் வழி தாவரத்தின் வழியோடு சேர்வதில்லை, விலங்கின் வழியோடு சேர்கிறது. செங்காந்தளுக்கும் புறாவுக்கும் நடுவே காளானை வைத்து ‘இது யாருக்குச் சொந்தம்?’ என்று கேட்டால், புறாவுக்கு என்பதுதான் விடை.

அந்த ஒற்றைச் செல் மூதாதையிடமிருந்து இரண்டும் பெற்றுக்கொண்டது நிறையவே இருக்கிறது. மரபுச் செய்தியை டிஎன்ஏவில் எழுதி வைக்கும் முறையும், அதைப் படித்துப் புரதம் செய்யும் முறையும் அதில் அடங்கும். டிஎன்ஏவைத் தனியே பொதிந்து வைக்கும் உட்கரு, சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா, ஆணும் பெண்ணும் பாதிப் பாதி மரபணு கொடுத்துப் புது உயிரை உண்டாக்கும் ஏற்பாடு ஆகியவையும் அப்படி வந்தவையே. இவற்றை நுண்ணோக்கியும் ஆய்வகமும் இல்லாமல் பார்க்க முடியாது. ஆனால் ஒரு சொத்து மட்டும் தன்னை ஊரறியக் காட்டிக்கொள்கிறது, அதுவும் நஞ்சின் வழியாக.

செங்காந்தளின் எல்லாப் பகுதிகளிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கோல்சிசின் என்ற பொருள் இருக்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஐரோப்பியச் செடியிலிருந்து 1820இல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர்கள் முதன்முதலில் இதைப் பிரித்தெடுத்தார்கள். யூரிக் அமிலம் சேர்வதால் வரும் மூட்டு வீக்கத்துக்கு மருத்துவர்கள் மிகச் சிறிய அளவில் கொடுக்கும் மருந்து இது. விதைக்கு விலை கிடைப்பதும் இதனால்தான். அளவு சற்றே கூடினால் ஆளைக் கொன்றுவிடும். கிழங்கை உண்ணும் கிழங்கென்று எண்ணிச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் இறந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குழந்தைகள் உள்ள வீட்டில் இதை நட வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்வேன். வேலியில் இருந்தால் தள்ளி நின்று பார்த்து ரசிக்கலாம்.

கோல்சிசின் எப்படிக் கொல்கிறது? ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, இரட்டித்த குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்ல நுண்ணிய குழல்கள் உருவாகின்றன. டூபுலின் என்ற புரதத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தால்தான் குழல் எழும். கோல்சிசின் டூபுலினைப் பற்றிக்கொண்டு அந்தச் சேர்க்கையைத் தடுத்துவிடுகிறது. குழல் இல்லை, ஆகவே குரோமோசோம்கள் பிரிவதில்லை, செல் பெருகுவதில்லை. குடலின் உட்படலம், எலும்பு மஜ்ஜை என்று வேகமாகச் செல்கள் பெருகும் இடங்களே முதலில் சீர்குலைகின்றன. மனிதன், மாடு, கோழி, புறா எல்லாவற்றிலும் டூபுலின் இருக்கிறது. அதனால் எல்லாவற்றுக்கும் இது நஞ்சு.

இப்போது மறுபக்கம். 1937இல் கோல்சிசினைச் செடிகளின் மீதே தடவிப் பார்த்தார்கள். அங்கும் அதே விளைவு. குரோமோசோம்கள் இரட்டித்தன, ஆனால் பிரிந்து போக வழியில்லாமல் ஒரே செல்லுக்குள் தங்கிவிட்டன. இரு மடங்குக் குரோமோசோம் கொண்ட செடி கிடைத்தது. பயிர் வல்லுநர்கள் இதைப் பெரும் வாய்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். கோடையில் கடையில் வாங்கும் விதையில்லாத் தர்ப்பூசணி இந்த வழியில் வந்ததுதான். கோல்சிசினால் இரட்டிப்பாக்கிய செடியைச் சாதாரணச் செடியோடு கலந்து, விதை உருவாக முடியாத பழத்தைப் பெறுகிறார்கள்.

புறாவின் செல்லை முடக்கும் பொருள் தர்ப்பூசணியின் செல்லையும் முடக்குகிறதென்றால், இரண்டிலும் ஒரே எந்திரம் ஓடுகிறது என்றுதானே பொருள்? தற்செயலாக இரு இடத்தில் தோன்றிய பற்றுக்கம்பிபோன்ற ஒற்றுமை இது அன்று. டூபுலின் புரதத்தின் கட்டமைப்பை வரிசைப்படுத்திப் பார்த்தால், விலங்கிலும் தாவரத்திலும் பெரும்பகுதி அப்படியே ஒத்துப்போகிறது. 150 கோடி ஆண்டுகளாகக் கைமாறி வந்தும் தேயாத பரம்பரைச் சொத்து அது. செங்காந்தளின் நஞ்சு நம்மைத் தாக்க முடிவதே நாம் அதற்குத் தூரத்துச் சொந்தம் என்பதால்தான்.

ஒரு கேள்வி மீதியிருக்கிறது. டூபுலின் செங்காந்தளிலும் இருக்குமே, தன் நஞ்சால் அது ஏன் சாவதில்லை? தாவரங்களின் டூபுலினைப் பொதுவாகவே கோல்சிசினால் விலங்குகளுடையதைப் போல இறுகப் பற்ற முடிவதில்லை. பயிர் வல்லுநர்கள் செடிகளுக்குக் கோல்சிசினை மிகவும் செறிவாகக் கொடுக்க வேண்டியிருப்பது அதனால்தான். கோல்சிசினைத் தயாரிக்கும் செடிகளிலோ, நஞ்சு வந்து ஒட்டும் இடத்தில் டூபுலினின் சில கூறுகளே மாறியிருக்கின்றன. குழல் கட்டும் வேலை பழையபடி நடக்கிறது, நஞ்சுக்கு மட்டும் பிடி கிடைப்பதில்லை.